ஸ்டேஷன் படி ஏற ஏன் இவ்வளவு தயக்கம்? காவல்துறையை யார் கணக்குக் கேட்பது?

மின்வண்டிப் பயணி எழுதியது:

வணக்கம். மனதில் கிடந்து உறுத்தும் ஒரு விஷயம், அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

போன வாரம் என் பெரியம்மா காய்கறி வாங்கிவிட்டு நடந்து வரும்போது பைக்கில் வந்த இரண்டு பேர் அவர் கையிலிருந்த செல்போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எழுபதை நெருங்கும் வயது, கீழே விழுந்து முழங்கையில் நல்ல சிராய்ப்பு. வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் சொன்னது, "போன் போனா போகட்டும்டா, ஸ்டேஷனுக்கு மட்டும் வேண்டாம்." பொருளைப் பறிகொடுத்தவருக்குத் திருடனைவிட ஸ்டேஷன் மேல் பயம் அதிகம். வீட்டில் யாருக்கும் இது வித்தியாசமாகவே படவில்லை, அதுதான் எனக்கு வலித்தது.

இருந்தாலும் கூட்டிப் போனேன். யாரும் மரியாதைக் குறைவாக நடத்தவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். ஆனால் மனுவைப் படித்த ரைட்டர் (ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் காவலர்), "பறிச்சுட்டாங்கன்னு எழுதாதீங்க சார், தவறிப் போச்சுன்னு எழுதிக் கொடுங்க, போனை பிளாக் பண்ணிடலாம். பறிப்புன்னு போட்டா எஃப்.ஐ.ஆர். ஆகும், அம்மாதான் கோர்ட்டுக்கு அலையணும்" என்றார். பெரியம்மா உடனே தலையாட்டிவிட்டார். நான் மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நல்லபடியாகப் பேசும் ஸ்டேஷனிலேயே நடந்ததை நடந்தபடி எழுத முடியவில்லை என்றால் இவர்களை எப்படி நம்புவது? அவர்கள் தவறு செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


எழும்பூர் வக்கீல் எழுதியது:

தம்பி, மனுவைத் திருப்பி வாங்கியது நல்லது. "தவறிப் போச்சு" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் நாளைக்கு அந்தப் பையன்களே வேறு கேஸில் சிக்கினாலும் உங்கள் பெரியம்மா போன் அந்தக் கணக்கில் வராது.

முதலில் சட்டம். புகாரில் சொல்லியிருப்பது போலீஸ் நேரடியாக வழக்குப் போடக்கூடிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 173வது பிரிவு. எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். ஆன்லைனில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், அது உங்கள் உரிமை. மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடத்துக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றமென்றால் டி.எஸ்.பி. அந்தஸ்து அதிகாரியின் அனுமதியோடு 14 நாளில் ஆரம்பக்கட்ட விசாரணை செய்யலாம் என்று புதிய சட்டத்தில் ஒரு வழி விட்டிருக்கிறார்கள். செல்போன் பறிப்பு அந்த வரம்பில்தான் வரும், அதனால் "விசாரிச்சுட்டுச் சொல்றோம்" என்பார்கள். சரி, விசாரிக்கட்டும். ஆனால் மனுவை வாங்கியதற்கு சி.எஸ்.ஆர். ரசீது தரச் சொல்லுங்கள்.

பெரியம்மா அலைய வேண்டியிருக்கும் என்று சொன்னது பாதி உண்மை. விசாரணைக் கட்டத்தில் ஒரு பெண்ணை, எந்த வயதாக இருந்தாலும், சாட்சியாக ஸ்டேஷனுக்கு வா என்று வற்புறுத்த முடியாது. வீட்டுக்கு வந்துதான் வாக்குமூலம் வாங்க வேண்டும், 179வது பிரிவு. கோர்ட்டில் சாட்சி சொல்ல ஒரு நாள் போக வேண்டி வரலாம், அதை மறைக்கவில்லை.


ஓய்வுபெற்ற ஏட்டு எழுதியது:

நான் இதே சென்னையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த ரைட்டர் சொன்னது தப்பு. ஆனால் ஏன் சொன்னார் என்று தெரியாமல் திட்டினால் எதுவும் மாறாது.

ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் மாதாமாதம் கிரைம் மீட்டிங் உண்டு. பறிப்பு கேஸ் கூடியிருந்தால் இன்ஸ்பெக்டரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். போன மாதம் எத்தனை, இந்த மாதம் எத்தனை, எத்தனை கண்டுபிடித்தாய்? எழுதாத கேஸுக்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எழுதிய கேஸுக்கு மெமோ. இப்படி இருந்தால் ரைட்டர் என்ன சொல்வார்? மேலே இருந்து வரும் அழுத்தம் கீழே பொதுமக்கள் மனுவில் ஒரு வார்த்தையாக வந்து விழுகிறது. நேர்மையாகப் பதிவு செய்து எண்ணிக்கை கூடினால் அந்த இன்ஸ்பெக்டரைப் பாராட்ட வேண்டும், அது நடக்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். வாராந்திர ஓய்வு என்று 2021ல் அரசாணை போட்டார்கள், சந்தோஷம். பந்தோபஸ்து வந்தால் அந்த ஓய்வு போய்விடும், சென்னையில் எந்த வாரம் பந்தோபஸ்து இல்லாமல் இருந்திருக்கிறது? காவலர்களை அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையை 1979லேயே ஒழித்தாயிற்று, காகிதத்தில். 2022ல் உயர் நீதிமன்றம் கடுமையாகச் சொல்லும் வரைக்கும் அதிகாரி வீட்டில் நாயைக் குளிப்பாட்டியவர்கள் இருந்தார்கள். கேரளாவில் போலீஸ்காரர்களுக்கு முறையான சங்கம் இருக்கிறது, இங்கே கிடையாது. தன்னை யாரும் மனிதனாக நடத்தாத ஒருவன் கவுன்டருக்கு வருகிறவரை எப்படி நடத்துவான் என்று யோசியுங்கள்.


கண்ணகி நகர் தம்பி எழுதியது:

ஏட்டு ஐயா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் அந்தக் கோபம் வந்து இறங்குவது எங்கள் மேலே.

நான் உணவு டெலிவரி வேலை பார்க்கிறேன். ராத்திரி வேலை முடிந்து வரும்போது வண்டி சோதனையில் நிறுத்துவார்கள். நிறுத்தட்டும், லைசென்ஸ் கேட்கட்டும், எல்லாம் இருக்கிறது. எங்கே இருக்கிறாய் என்று கேட்பார்கள். கண்ணகி நகர் என்று சொன்னதும் குரல் மாறிவிடும். அதுவரை "வாங்க போங்க" என்று பேசியவர் "வாடா" என்பார். பாக்கெட்டைக் காட்டு, கையை நீட்டு, போனைத் திற. ஒரு தடவை சுவரோரமாக நிற்க வைத்து முகத்தை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று போட்டோ எடுத்தார்கள். என்மேல் எந்தக் கேஸும் இல்லை. எதற்கு சார் என்று கேட்டதற்கு, "நல்லவனா இருந்தா உனக்கென்ன பயம்" என்றார்கள். அந்தப் போட்டோ இப்போது எங்கே இருக்கிறது, யார் பார்க்கிறார்கள், எனக்குத் தெரியாது.

என் கூடவே வேலை பார்க்கிற பையன் வசதியானவர்கள் இருக்கும் பெசன்ட் நகர். அவனை நிறுத்தினால் ஹெல்மெட்டை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். எங்கள் அப்பா அம்மாவை நகரத்துக்குள் இருந்து எடுத்துக் கொண்டு போய் அங்கே குடியமர்த்தியது அரசாங்கம்தான். இப்போது அந்த முகவரியே எங்கள் குற்றமாகிவிட்டது.

இந்த அண்ணன் பெரியம்மா விஷயத்தில் புகாரை எழுத மாட்டேன் என்கிறார்கள். எங்கள் விஷயத்தில் நிறுத்தி வைத்ததை எழுத மாட்டார்கள். ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு அனுப்பினால் எந்த டைரியிலும் இருக்காது. நான் போய்ப் புகார் சொன்னால் "அப்படி ஒன்று நடக்கவே இல்லை" என்பார்கள்.


அம்பத்தூர் மணி எழுதியது:

எல்லாரும் போலீஸைக் குறை சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ராத்திரி ஒரு மணிக்கு கையில் கத்தியோடு வருகிறவன் எதிரே நிற்பது நீங்களா நானா? எங்கள் தெருவில் முன்பு சங்கிலிப் பறிப்பு சகஜம். கேமரா வைத்தார்கள், ரோந்து வந்தது, இப்போது பெண்கள் நிம்மதியாக நடக்கிறார்கள். தம்பிக்கு நடந்தது வருத்தம்தான், ஆனால் சோதனையே வேண்டாம் என்றால் நாளைக்கு அதே டெலிவரிப் பையனைத்தான் வழியில் மடக்கிப் பறிப்பார்கள்.

ரவுடிகளுக்கு மனித உரிமை பேசுகிறவர்கள் அவர்களிடம் வெட்டு வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். கோர்ட்டில் கேஸ் பத்து வருடம் ஓடுகிறது, சாட்சி பிறழ்கிறது, ரவுடி ஜாமீனில் வந்து அதே சாட்சியை மிரட்டுகிறான். போலீஸ் கொஞ்சம் கடுமையாக இருந்தால்தான் பயம் இருக்கும். கையில் மாவுக்கட்டு போட்டு விட்டால் அடுத்த தடவை கத்தி எடுக்க யோசிப்பான். இதைச் சொன்னால் என்னை மோசமானவன் என்பீர்கள், பரவாயில்லை, ஊரில் பாதிப் பேர் மனதில் இருப்பது இதுதான்.


எழும்பூர் வக்கீல் எழுதியது:

> கையில் மாவுக்கட்டு போட்டு விட்டால் அடுத்த தடவை கத்தி எடுக்க யோசிப்பான்

மணி அண்ணா, உங்களை மோசமானவர் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள் என்பதும் உண்மை. கோர்ட் தாமதம் பற்றிய உங்கள் கோபம் எனக்கும் உண்டு, நான் தினமும் அங்கேயே நிற்கிறேன்.

ஆனால் மாவுக்கட்டு யார் கைக்குப் போடுகிறார்கள் என்பதை முடிவு செய்வது யார்? "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்" என்று ஒரே வசனம் இத்தனை வருடமாக ரிமாண்ட் அறிக்கையில் வருகிறது. 2025ல் உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது, காவல் நிலையக் கழிப்பறையில் கைதிகள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா, போலீஸ்காரர்கள் விழ மாட்டார்களா என்று. நீதிபதி கேட்கும் அளவுக்குப் போன பொய்யை நாம் ஏன் இன்னும் கைதட்டி வரவேற்கிறோம்?

2022 ஏப்ரலில் கெல்லீஸ் பக்கத்தில் வாகனச் சோதனையில் பிடித்துத் தலைமைச் செயலகக் காலனி காவல் நிலையத்துக்குக் கொண்டு போன 25 வயது இளைஞர், மெரினாவில் குதிரை சவாரி விட்டுப் பிழைத்தவர், மறுநாள் இறந்து போனார். முதலில் வலிப்பு வந்து இறந்தார் என்றார்கள். பிரேதப் பரிசோதனையில் உடம்பில் 13 காயங்கள். அப்புறம் மாநிலக் குற்றப் புலனாய்வுத் துறையான சி.பி.சி.ஐ.டி. கொலை வழக்காக மாற்றிக் காவலர்களைக் கைது செய்தது. அவரிடம் கஞ்சா இருந்தது, கத்தி இருந்தது என்றார்கள். இருந்ததாகவே வைத்துக்கொள்வோம், அதற்குச் சட்டத்தில் என்ன தண்டனை? சாவா?

அதே வருடம் ஜூனில் கொடுங்கையூர் காவல் நிலையத்தில் இன்னொருவர் இறந்தார். ஆகவே இது ஏதோ தென் மாவட்டத்துக் கதை இல்லை, நம் ஊரில், நாம் பஸ்ஸில் கடந்து போகிற கட்டடங்களில் நடந்தது.


பெருங்குடி ஷிஃப்ட் எழுதியது:

இரண்டு பக்கமும் படித்தேன். என் அனுபவத்தில் இரண்டுமே உண்டு. ஒருவன் என்னைத் தொடர்ந்து வந்தபோது மகளிர் காவல் நிலையத்தில் ஒரு எஸ்.ஐ. அக்கா என்னை உட்கார வைத்து, முழுக்கக் கேட்டு, நான் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதி, திரும்ப வாசித்துக் காட்டினார். அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்கு இருந்த தைரியம் வேறு எங்கேயும் கிடைத்ததில்லை. 1992ல் ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்ததிலிருந்து எத்தனை பெண்களுக்கு அப்படி நடந்திருக்கும்.

ஆனால் 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்குப் பாலியல் வன்கொடுமை நடந்த பிறகு, என் தோழிகள் பலர் புகார் என்ற பேச்சையே விட்டுவிட்டார்கள். அந்தப் பெண் துணிந்து போய்ப் புகார் கொடுத்தாள். அவள் விவரங்களோடு எஃப்.ஐ.ஆர். இணையத்தில் வெளியே வந்துவிட்டது. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். உயர் நீதிமன்றம் தானாக எடுத்து, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, அவளுக்கு 25 லட்சம் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது. குழு வேலை செய்தது, 2025 மே மாதம் மகளிர் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது, குறைந்தது 30 வருடம் உள்ளே. நடந்து அரை வருடத்துக்குள் தீர்ப்பு. நினைத்தால் முடிகிறது, இல்லையா? மணி சார் கேட்கும் பயம் இப்படிப்பட்ட தண்டனையால்தான் வரும், அதற்கு யார் கையையும் உடைக்கத் தேவைப்படவில்லை.

ஆனால் அவள் விவரம் வெளியே போனதே, அதைத் திருப்பி எடுக்க முடியுமா?


கடை அண்ணாச்சி எழுதியது:

நான் வடபழனி பக்கம் சின்னக் கடை வைத்திருக்கிறேன். மாமூல் பற்றி யாரும் பேசவில்லையே. பெரிய தொகை இல்லை, ஆனால் பழக்கம். கொடுக்காவிட்டால் கடை வாசல் வண்டிக்கு எல்லாம் அபராதம் வரும். கொடுக்கிற கையும் தப்புதான் என்பார்கள், கொடுக்காமல் கடை நடத்திப் பார்த்துவிட்டு அதைச் சொல்லட்டும். லஞ்ச ஒழிப்புத்துறைக்குப் போகலாம், ரசாயனம் தடவிய நோட்டைக் கொடுத்துப் பிடித்துக் கொடுக்கலாம், நாளிதழில் வருகிறது. பிடித்துக் கொடுத்த பிறகு அதே தெருவில் நான்தான் கடை திறக்க வேண்டும்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. போக்குவரத்து அபராதம் இ-செலான் ஆன பிறகு ரோட்டில் கைக்குக் கை பணம் நன்றாகக் குறைந்துவிட்டது. மெஷினில் பதிவாகிறது, ரசீது வருகிறது. எங்கே பதிவு இருக்கிறதோ அங்கே பயம் இருக்கிறது, அவர்களுக்கும்.


கூவம் கரை எழுதியது:

அண்ணாச்சி சொன்ன கடைசி வரிதான் இந்த இழையில் நான் சொல்ல வந்தது, அதை விரித்து எழுதுகிறேன், நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கவனித்துப் பாருங்கள், இங்கே எல்லாரும் சொல்வது ஒரே விஷயம். பெரியம்மா போனைப் பறித்ததை எழுதவில்லை. தம்பியை நிறுத்தியதை எழுதவில்லை. கெல்லீஸில் பிடித்த இளைஞரை அடித்ததை எழுதவில்லை, வலிப்பு என்று எழுதினார்கள். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தில் மடப்புரம் கோயில் காவலாளி இறந்தாரே, நகை காணவில்லை என்று ஒருவர் சொன்னதற்காகத் தனிப்படை அவரைப் பிடித்துக் கொண்டு போனது. அதை ஒருவர் மறைந்திருந்து கைப்பேசியில் எடுத்திராவிட்டால் நமக்கு என்ன தெரிந்திருக்கும்? ஐந்து காவலர்கள் கைது, சி.பி.ஐ. விசாரணை, முதல்வரே குடும்பத்திடம் போனில் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அடித்ததை நாம் கண்ணால் பார்த்தது அந்தச் சில நொடி வீடியோவில்தான்.

சாத்தான்குளம், 2020 ஜூன். ஊரடங்கு நேரத்தில் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று தந்தையையும் மகனையும் கொண்டு போனார்கள். இரண்டு பேரும் அடுத்தடுத்து இறந்தார்கள். விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்ட்ரேட் ஸ்டேஷன் கேமராவைப் பார்த்தார். அதில் சேமிக்க இடம் இருந்தது, ஆனால் தினமும் தானாக அழிந்துவிடும்படி வைத்திருந்தார்கள். அந்த வழக்கு வலுவாக நிலைத்தது அன்று இரவு பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் வாய் திறந்ததால். லத்தியில் ரத்தம் இருந்தது, மேசையில் ரத்தம் இருந்தது என்று சொன்னார். சக ஊழியர்கள் வெளியே நிற்கும்போதே சொன்னார், நீதிமன்றம் அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. காவல்துறை மீது எனக்கு மிச்சம் இருக்கும் மரியாதை முழுவதும் அவரைப் போன்றவர்களுக்கு.

அதே வருடம் டிசம்பர் 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உத்தரவு போட்டது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாசல், லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் அறை, எஸ்.ஐ. அறை, கழிப்பறைக்கு வெளியே என்று கேமரா, சத்தமும் பதிவாக வேண்டும், இரவிலும் தெரிய வேண்டும், 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அது முடியாத இடத்தில் குறைந்தது ஒரு வருடம். கேமரா இருக்கிறது என்று பொதுமக்களுக்குத் தெரியும்படி பலகை வைக்க வேண்டும். உங்கள் ஏரியா ஸ்டேஷனில் அந்தப் பலகை இருக்கிறதா, அடுத்த தடவை போகும்போது பாருங்கள். கேமராவை வைப்பது யார், வேலை செய்கிறதா என்று பார்ப்பது யார், காட்சி யார் கையில் இருக்கிறது? பெரும்பாலும் அதே துறை. அங்கேதான் சிக்கல்.

இப்போது மின்வண்டி கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முன்னாள் டி.ஜி.பி. பிரகாஷ் சிங் போட்ட வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் போட்டது. அதில் ஒன்று போலீஸ் மீதான புகாரை விசாரிக்கத் தனி ஆணையம். மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைவர், மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. தமிழ்நாடு என்ன செய்தது? 2013ல் காவல்துறை சீர்திருத்தச் சட்டம் என்று கொண்டு வந்து, மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர்கள் டி.ஜி.பி.யும் சட்டம் ஒழுங்கு ஏ.டி.ஜி.பி.யும் என்று வைத்தார்கள். மாவட்டத்தில் கலெக்டர், எஸ்.பி. அதாவது எஸ்.பி.யின் கீழே வேலை பார்ப்பவர் மேல் புகார் என்றால் விசாரிக்கும் மேசையில் எஸ்.பி.யே உட்கார்ந்திருப்பார். கேரளாவில் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை. நம்மால் ஏன் முடியாது? எந்தக் கட்சி ஆண்டாலும் இதை மாற்ற மனசு வரவில்லை, ஏனென்றால் ஆட்சியில் இருப்பவர்களுக்குத் தங்கள் கைக்குள் இருக்கும் போலீஸ்தான் வசதி.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அந்தக் கணக்கில் நீதி நடந்தால் யார் நம்புவார்கள்?


ஓய்வுபெற்ற ஏட்டு எழுதியது:

கூவம் கரை சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஒன்றில் மட்டும் இல்லை. வெளியே இருந்து ஒரு ஆணையம் வந்தால் பொய்ப் புகார் குவியும். ஒரு ரவுடியைப் பிடித்தால் மறுநாளே அவன் சார்பில் மனு வந்துவிடும், என்னை அடித்தார், பணம் கேட்டார் என்று. விசாரணை முடியும் வரை பதவி உயர்வு நிற்கும். நானே அப்படி ஒரு சார்ஜில் மாட்டி, தப்பு இல்லை என்று முடிவதற்குள் பிள்ளை கல்லூரி முடித்துவிட்டான்.

ஆனால் துறைக்குள்ளே நடக்கும் தண்டனை லட்சணத்தையும் சொல்ல வேண்டும். செய்தி டிவியில் வந்தால் அன்று மாலையே ஆயுதப்படைக்கு மாற்றம் அல்லது காத்திருப்போர் பட்டியல். பார்ப்பவர்களுக்கு நடவடிக்கை எடுத்த மாதிரி இருக்கும். சூடு ஆறியதும் வேறு ஸ்டேஷனில் அதே பதவி. உத்தரவு போட்ட அதிகாரி பெயர் எந்தக் காகிதத்திலும் வராது, கை நீட்டிய கான்ஸ்டபிள் மட்டும் உள்ளே போவான். தனிப்படை அனுப்பியது யார், யார் போன் பண்ணிச் சொன்னார்கள் என்று கேட்கும் விசாரணை வந்தால் நான் முதல் ஆளாகக் கைதூக்குவேன்.


எழும்பூர் வக்கீல் எழுதியது:

ஏட்டு ஐயா, உங்களுக்கு நடந்த தாமதமும் அநியாயம்தான். அதனால்தான் சொல்கிறேன், வெளி ஆணையம் போலீஸ்காரருக்கும் நல்லது. நீதிபதி ஒருவர் விசாரித்து உங்கள் மேல் தப்பு இல்லை என்று சொன்னால் ஊர் நம்பும். துறையே சொன்னால் "அவங்க ஆளைக் காப்பாத்திட்டாங்க" என்பார்கள், நீங்கள் உண்மையிலேயே தப்பு செய்யாதவராக இருந்தாலும்.

காலம் பற்றி ஒரு விஷயம். வாச்சாத்தி 1992 ஜூனில் நடந்தது. வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை சேர்ந்து ஒரு மலைக் கிராமத்தையே சூறையாடி, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011ல் தீர்ப்பு வரும்போது அவர்களில் 54 பேர் இறந்தே போயிருந்தார்கள், மீதி 215 பேருக்கும் தண்டனை. 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருடம். அந்தப் பெண்கள் விடாமல் நின்றார்கள், அவர்கள் பக்கம் இயக்கங்கள் நின்றன. இப்படி ஒரு வெற்றியைச் சொல்லும்போது எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் வருகிறது. ஒரு தலைமுறையே போன பிறகு கிடைத்ததை வைத்துக்கொண்டு "சட்டம் தன் கடமையைச் செய்யும்" என்று பெரியம்மாவிடம் எப்படிச் சொல்வது?

தூத்துக்குடியையும் மறந்துவிடாதீர்கள். 2018 மே மாதம் போராட்டக்காரர்கள் மேல் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. இறந்தவர்கள் வீட்டில் இன்னும் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.


அம்பத்தூர் மணி எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். போலீஸ் கடுமையாக இருக்க வேண்டும் என்ற என் கருத்து முழுக்க மாறவில்லை, பொய்யாகத் தலையாட்ட விரும்பவில்லை. ஆனால் மடப்புரம் காவலாளியை நினைத்தால் எனக்கும் தூக்கம் வரவில்லை, அவர் ரவுடி இல்லை, ஒரு கேஸ்கூட இல்லாத பையன். கை ஓங்க அனுமதி கொடுத்தால் அது ரவுடியோடு நிற்காது என்ற வாதம் புரிகிறது.

என் கேள்வி இது. கேமரா, ஆணையம், எல்லாம் சரி. சாட்சிக்கு யார் பாதுகாப்பு? எங்கள் தெரு பறிப்பு கேஸில் சாட்சி சொல்ல யாரும் வரவில்லை. ஜனங்கள் போலீஸை நம்பாததற்கு அதுவும் ஒரு காரணம், பெயர் கொடுத்தால் அந்தப் பெயர் ரவுடிக்குப் போய்விடும் என்ற பயம்.


பெருங்குடி ஷிஃப்ட் எழுதியது:

மணி சார், எஃப்.ஐ.ஆர். கசிவு பற்றி நான் எழுதியதும் அதே பயம்தான். உள்ளே சொன்னது உள்ளேயே இருக்கும் என்ற உறுதி இல்லாமல் யார் வாய் திறப்பார்கள்?


மின்வண்டிப் பயணி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வக்கீல் அக்கா சொன்னபடி பறிப்பு என்றே எழுதி, நேரம், இடம், பைக் நிறம், பெரியம்மாவின் காயத்துக்கு மருத்துவமனைச் சீட்டு எல்லாம் சேர்த்துக் கொண்டு போய்க் கொடுத்தேன். இந்தத் தடவை ரைட்டர் ஒன்றும் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டரிடம் அனுப்பினார். அவர் படித்துவிட்டு சி.எஸ்.ஆர். போடச் சொன்னார். ரசீது கையில் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். இன்னும் இல்லை, விசாரித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். ஒரு பெண் காவலர் வீட்டுக்கே வந்து பெரியம்மாவிடம் பேசிவிட்டுப் போனார். பெரியம்மா அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தார். எதுவும் நடக்காவிட்டால் அடுத்து என்ன செய்வது?


எழும்பூர் வக்கீல் எழுதியது:

14 நாள் பாருங்கள். அதற்குள் எஃப்.ஐ.ஆர். இல்லையென்றால் சி.எஸ்.ஆர். நகலோடு துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் மனுப் போடலாம், அதே சட்டத்தின் 175(3) பிரிவு. அந்த ஒப்புகை அட்டை இல்லாமல் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போனை பிளாக் செய்ய அரசின் சி.இ.ஐ.ஆர். இணையதளத்தில் புகார் நகலை ஏற்றுங்கள், அதற்கு எஃப்.ஐ.ஆர். வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கண்ணகி நகர் தம்பிக்கு: உன் போட்டோ விஷயத்தை விட்டுவிடாதே. 2022ல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் தண்டனை பெற்றவர்கள், கைதானவர்கள் போன்றவர்களிடம்தான் போட்டோ, கைரேகை எடுக்க அனுமதிக்கிறது. ரோட்டில் வண்டியை நிறுத்தி, கைது செய்யாமல், கேஸ் இல்லாதவனைச் சுவரோரம் நிற்க வைத்து எடுப்பதற்கு அதில் இடமில்லை. எந்தச் சட்டப் பிரிவின் கீழ் எடுத்தீர்கள், எங்கே சேமித்திருக்கிறீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மரியாதைக் குறைவாக நடத்தியதற்கு மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது, ஆனால் நடந்த ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். தேதி, நேரம், இடம், வண்டி எண் நினைவிருக்கிறதா?


கண்ணகி நகர் தம்பி எழுதியது:

நினைவிருக்கிறது அக்கா. அன்றைக்கு டெலிவரி கொடுத்த ஆர்டர் நேரமும் இடமும் ஆப்பில் அப்படியே இருக்கிறது, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கிறேன். மனு எழுதி இங்கேயே போடுகிறேன், பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.